சங்கத்தின் எண்ணைச் சேமிக்க வைத்த கதை: ஒரு தோட்டக் கிளையின் புலன (வாட்ஸ்அப்) அனுபவம்

2024 செப்டம்பர் கடைசி ஞாயிறு. கோயில் மண்டபத்தில் எங்கள் தோட்டத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்துக்கு 40 நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் செயற்குழு. மீதி நாலு பேரில் ஒருவர் மண்டபத்துச் சாவியை வாங்கிப்போக வந்தவர். செயலாளர் அண்ணன் அரை மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அறிவிப்பு ஒட்டினோமா இல்லையா?" என்று கேட்டார். ஒட்டியிருந்தோம். தோட்ட ஆபீஸுக்கு வெளியே, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தை ஒட்டிய பலகையில், மூன்று வாரமாக அந்தத் தாள் இருந்தது. அந்தப் பலகையைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களில் பலர் இப்போது அந்தப் பக்கம் போவதே இல்லை.

அன்று தொடங்கிய முயற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சிறிய தோட்டக் கிளை சமூக ஊடகத்தைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது, எங்கே அடிபட்டோம், எது நிலைத்தது என்று. நான் அந்தக் கிளையில் எழுத்து வேலை பார்ப்பவன். அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டியவர், நான் ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலை செய்கிறேன். கிளை, தோட்டம், ஆட்கள் எவரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இடம்

ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007இல் வைத்த பெயர் அது. எங்கள் பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தோட்டப்புறம். மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது இங்கிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். அதற்கு முன்பும் பின்பும் பால்மரம் (ரப்பர்) சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

சேதி எப்படிப் போகும் என்பது இங்கே பழைய கேள்வி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்பதோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு சைக்கிள் என்றால் அடுத்த தோட்டத்துக்குப் போகும் கால், சேதி கொண்டுபோகும் வாய். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உரிமையை அவர்கள் கூலியோடு சேர்த்துக் கேட்டார்கள். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் 'சங்கமணி' என்று தமிழில் தனக்கென்று ஒரு ஏடே நடத்தியது. ஆக, சங்கத்துக்கு ஊடகம் வேண்டும் என்பதை எங்கள் தலைமுறை கண்டுபிடிக்கவில்லை. நடுவில் கைவிட்டுப் போனதைத் திரும்ப எடுக்கப் பார்த்தோம், அவ்வளவுதான்.

கைவிட்டுப் போனதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் சேர்ந்து குடியிருந்தபோது ஒரு வீட்டில் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் கடைசி வீட்டுக்குப் போய்விடும். சந்தா வாங்குகிறவர் மாதா மாதம் வாசலுக்கு வருவார், திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு நாலு விஷயம் பேசிவிட்டுப் போவார். பிறகு சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறை வந்தது. வசதிதான். ஆனால் அந்த ஆள் வாசலுக்கு வருவது நின்றது. அப்புறம் குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போயின. இப்போது எங்கள் உறுப்பினர்கள் மூன்று தாமான்களிலும், மிச்சமிருக்கும் லயத்திலும், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் விடுதியிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். டிராக்டர், ஆலை, காவல், உதிரி (குலையிலிருந்து உதிர்ந்த பழம்) பொறுக்குவது என்று நம்மவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு அந்த ஆண்டு ஒரு நெருக்கடியும் சேர்ந்தது. 2024 செப்டம்பர் 15 முதல் தொழிற்சங்கச் சட்டத்தின் திருத்தம் நடப்புக்கு வந்தது. ஒரே இடத்தில், ஒரே வகைத் தொழிலாளர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் அமைய வழி திறந்தது. உறுப்பினரிடம் பேசாத சங்கத்தை உறுப்பினர் விட்டுவிட்டுப் போகலாம். சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அன்று மண்டபத்தில் இருந்த 31 காலி நாற்காலிகளுக்கு அது வேறொரு அர்த்தம் கொடுத்தது.

முதல் முயற்சி

அக்டோபரில் புலனத்தில் ஒரு குழு தொடங்கினோம். வேறு எதையும் யோசிக்கவில்லை, எல்லோரிடமும் ஏற்கெனவே புலனம் இருந்தது. டெலிகிராம் நல்லது, ஆவணங்களைச் சேர்த்து வைக்கலாம் என்று நான் ஒருவன் சொன்னேன். அதற்காக இன்னொரு செயலியை இறக்க யாரும் தயாராக இல்லை. அது அங்கேயே முடிந்தது.

இரண்டு வாரத்தில் குழு நிறைந்துவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரத்தில் என்ன நடந்தது என்று எந்தக் குழுவில் இருப்பவரும் சொல்லிவிடலாம். விடிந்தால் முருகன் படத்தோடு காலை வணக்கம், லாட்டரி நம்பர் எடுத்தவர் கனவு, யாரோ எங்கிருந்தோ அனுப்பிய மருந்துக் குறிப்பு, கட்சிச் சண்டை. கூட்ட அறிவிப்பு இவற்றுக்கு நடுவே மூழ்கிப்போனது. பலர் ஒலியை அடைத்துவைத்தார்கள். இதெல்லாம் தொல்லைதான், ஆபத்து இல்லை.

ஆபத்து டிசம்பரில் வந்தது. உதிரி பொறுக்கும் ஓர் அக்கா, சம்பளம் குறைந்திருக்கிறதே என்று தன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். பெயர், அடையாள அட்டை எண், பிடித்தம் எல்லாம் அப்படியே தெரிந்தது. கீழே நாலைந்து பேர் கோபமாக எழுதினார்கள். அதில் ஒருவர் மேற்பார்வை மண்டோரைப் பெயர் சொல்லித் திட்டினார். மறுநாள் காலை பெரட்டில் அந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் மேசையில், அவர் போட்ட படமும் அதன் கீழே வந்த பதில்களும் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தன. குழுவில் இருந்த யாரோ ஒருவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். யார் என்று நாங்கள் தேடவில்லை. தேடியிருந்தால் கிளை உடைந்திருக்கும்.

அந்த அக்காவுக்கு வேலை போகவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அண்ணனும் நானும் அன்று இரவு அவர் வீட்டுக்குப் போனோம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் மெதுவாக, "சங்கத்துல கேட்டா சங்கம்தானே பேசணும் தம்பி, எதுக்கு நான் தனியா போய் நிக்கணும்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டோம். அந்த வாரமே குழுவை மூடினோம்.

1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சங்கத்தில் இருப்பதற்காகவோ சங்க வேலைக்காகவோ ஒருவரை நிர்வாகம் பழிவாங்கக் கூடாது என்கிறது. 8ஆவது பிரிவின் கீழ் புகார் செய்யலாம். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது நடந்து முடிந்த பிறகு ஓடிப்போய்ப் பிடிக்கும் மரக்கிளை. பெரட்டில் எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிடப்பட்ட அந்த நிமிடத்தை எந்தப் பிரிவும் திருப்பித் தராது. நாங்கள் ஒரு பெண்ணைக் குடை இல்லாமல் மழையில் நிறுத்திவிட்டோம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சங்கங்களுக்குக் கருவி கற்றுத்தரும் பட்டறைகளில் குழு எப்படித் தொடங்குவது என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். குழுவில் எது போகக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வாசல் வாசலாக

ஜனவரியில் மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை குழு வேண்டாம், ஒலிபரப்புப் பட்டியல் போதும் என்று முடிவு செய்தோம். ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும். பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் எண் இன்னொருவருக்குப் போகாது. பதில் எழுதினால் சங்கத்துக்கு மட்டும் வரும். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், எங்கள் கிளைக்கு அது தாராளம்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். அனுப்புகிறவரின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். முதல் சோதனைச் செய்தி பாதிப் பேருக்குப் போகவே இல்லை. அண்ணன் சோர்ந்துபோனார். பொருளாளர் அக்காதான், "அப்ப வீட்டுக்குப் போய்ப் பதிஞ்சு குடுத்துட்டு வருவோம்" என்று எழுந்தார். அவர் முன்பு உதிரி பொறுக்கி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் அவருக்குத் தெரியாத வாசல் இல்லை.

ஆறு வாரம் நடந்தோம். சாயங்காலம் ஆறரைக்கு மேல், ஆட்கள் குளித்துச் சாப்பிட உட்காரும் நேரம். அக்கா கையில் 555 நோட்டு என்கிற ஒரு சின்னக் குறிப்பேடு, என் கையில் பேனா. கைப்பேசியை வாங்கி 'சங்கம்' என்று பெயர் போட்டு எண்ணைப் பதிந்து கொடுப்போம். பெயரைக் கட்டாயம் 'சங்கம்' என்றே போட வேண்டாம், பார்த்துவிடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அவருடைய கைப்பேசியில் நாங்கள் இன்று வரைக்கும் 'பெரியம்மா'.

எண் பதிய ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் நாங்கள் வெளியே வந்ததில்லை. சந்தா எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்டார்கள். பையனுக்குத் தோட்டத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் பாட்டி, "எத்தன வருஷமாச்சு சங்கத்துக்காரங்க இந்தப் படியேறி" என்று சொல்லி, போக விடவே இல்லை. செயலியின் ஒரு குறையால்தான் சந்தா வாங்குகிறவர் திரும்பவும் வாசலுக்கு வந்தார். இந்த முழு முயற்சியிலும் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீடுகளில் போன பிறகுதான் சில விஷயம் கண்ணில் பட்டது. பல பெண்களுக்குத் தனிக் கைப்பேசி இல்லை. கணவருடையது, இல்லையென்றால் மகனுடையது. அவர்களுக்கு மகள் வழியாகவோ பக்கத்து வீட்டு அக்கா வழியாகவோ சேதி போக வேண்டும், அது நோட்டில் தனிக் குறி. தோட்டத்தின் உள்பக்கம் அலைவரிசை சரியாகக் கிடைக்காது, ஆகவே காணொளி அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து கூட்டிப் படிக்கிறவர்களுக்கு நீளமான செய்தி அனுப்பினால் திறக்கவே மாட்டார்கள்.

குரல்

இதற்கெல்லாம் ஒரே விடையாக அமைந்தது குரல் பதிவு. முதல் பதிவைப் பொருளாளர் அக்கா வீட்டு அடுப்படியில் எடுத்தோம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 வெள்ளிக்கு உயரப் போகிறது, அதைச் சொல்ல வேண்டும். நான் எழுதிக் கொடுத்த தாளை அக்கா ஒரு முறை வாசித்தார், சேவல் கூவிக் கெடுத்தது. இன்னொரு முறை வாசித்தார், செய்தி அறிக்கை மாதிரி இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் பேசறேன், நீ சும்மா இரு" என்றார். பதிவானது இதுதான்:

"வணக்கம், சங்கத்துலேருந்து பேசறேன். பிப்ரவரி ஒண்ணாந்தேதிலேருந்து குறைஞ்ச சம்பளம் ஆயிரத்து எழுநூறு வெள்ளி. டன் கணக்குல குலை வெட்டுறவங்களுக்கும் இது உண்டு. பொறுக்குற பொம்பளைங்களுக்கும் உண்டு. காய்ப்பு கொறைஞ்சு போயி கணக்கு கீழ வந்தா, மிச்சத்த போட்டுக் குடுக்கணும். வேலைக்கு வராத நாளு கணக்கு வேற, அத தனியா கேளுங்க. சீட்ட தூக்கிப் போடாதீங்க. அத யாருக்கும் படம் எடுத்து அனுப்பவும் வேணாம், கையோட கொண்டு வாங்க. எழுத வேணாம், இதுலயே பேசி அனுப்புங்க. வர்றேன்."

ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அன்று இரவே பதில்கள் வந்தன, எல்லாம் குரலில். பின்னால் தொலைக்காட்சி ஓடுகிறது, குழந்தை அழுகிறது, நடுவில் கேள்வி. ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கணக்கு எவ்வளவு? 65 வெள்ளி 38 காசு. மழை நாளில் பெரட்டுக்கு வந்து திருப்பி அனுப்பினால்? அது சங்கமும் நிர்வாகமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது, சொன்னோம்.

மலாயில் ஒரு பதிவை அண்ணன் பேசினார். நேப்பாளிக்கும் வங்காளிக்கும் விடுதியில் இருப்பவர்களே பேசிக் கொடுத்தார்கள். வங்காளதேச நண்பர்கள் பலர் ஊருக்குப் பேச ஐமோவைத்தான் வைத்திருந்தார்கள், அவர்களுக்கு அதில் அனுப்பினோம். வெளிநாட்டுத் தொழிலாளரும் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்பது அவர்களில் சிலருக்கு அந்தப் பதிவைக் கேட்டுத்தான் தெரிந்தது.

மார்ச் மாதம், புதிய சம்பளம் போட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு மேசையில் சீட்டுகள் வரத் தொடங்கின. கால்குலேட்டர், நோட்டு, ஒரு தட்டு முறுக்கு. சீட்டில் வேலை நாள் எண்ணிக்கையும் அவர்களே சுவர் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். மூன்று பேருக்கு ஒத்துப்போகவில்லை, வந்த நாள் வராத நாளாகப் பதிவாகியிருந்தது. அந்த மூவரின் பெயரையும் சேர்த்து, ஆனால் சங்கத்தின் கடிதமாக, அண்ணன் கொண்டுபோய்த் தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொடுத்தார். அடுத்த மாதச் சீட்டில் சேர்த்துப் போட்டார்கள். யாரும் பெரட்டில் தனியாக நிற்கவில்லை.

வாக்கும் முகநூலும்

புலனத்தில் வாக்கெடுப்பு வசதி உண்டு. இளைஞர் ஒருவர், தானே தொடங்கிய ஒரு சின்னக் குழுவில், "வேலைநிறுத்தம் வேண்டுமா? ஆம், இல்லை" என்று போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். அதில் யார் எதற்கு வாக்குப் போட்டார் என்பது பெயரோடு தெரியும். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்குகிறது. புலனத்தில் எடுத்த கணக்கு சட்டப்படி செல்லாது, நிர்வாகத்துக்குப் பெயர்ப்பட்டியலாக மட்டும் பயன்படும். அண்ணன் கேள்விப்பட்ட உடனே மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்கே போய் அழிக்க வைத்தார். திட்டவில்லை. வாக்குப் பெட்டி எப்படி வைப்பது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தார். இப்போது கூட்டம் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதற்கு மட்டும் அந்த வசதி.

முகநூல் பக்கம் ஒன்று இருக்கிறது. லயத்துக் குழாயில் தண்ணீர் வராதது, சாலையில் விளக்கில்லாதது போன்ற ஊர் விஷயங்களுக்கு. சம்பளம், பெயர், ஆள் எதுவும் அதில் போவதில்லை. பதிவிடும் இடத்தில் சண்டை வந்ததால் பதில்களை அடைத்துவிட்டோம். அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கூட்டம் சேர்ப்பதில் இந்த ஊடகங்களுக்கு உள்ள சக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் இலங்கை மலையகத்துப் பிள்ளைகள் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு திரண்டார்கள், தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று. அழைப்பு பரவியது முகநூலில். 2021 ஜூலை 26 அன்று இங்கே ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதும் இணையத்தில் எழுந்த அழைப்பால்தான். ஆனால் காலிமுகத்திடலுக்குப் பிறகு, 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். ஆயிரம் வந்தது 2021இல், சம்பளச் சபை வழியாக. திடலில் நின்ற பிள்ளைகளுக்கும் மேசையில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் நடுவே இருந்த தூரம் அது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, 700 என்று படித்தபோது இன்னும் அதிகமாக வந்தது. அந்தத் தூரத்தில்தான் கிளை வேலை செய்ய வேண்டும்.

இன்று

2025 ஜூன் கூட்டத்துக்கு மண்டபத்தில் நாற்காலி போதாமல் கோயில் பாயை விரித்தோம். அதற்கடுத்த கூட்டத்தில் கூட்டம் குறைந்தது. சம்பள விஷயம் தீர்ந்ததும் வருவது குறையும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

தீராத ஒரு பிரச்சினை: அந்த 'சங்கம்' என்ற எண் முதலில் அண்ணனுடைய சொந்த எண். அவர் அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை. அவர் விலகினால் எல்லா வாசலிலும் பதிந்த எண்ணும், அதற்கு வந்த அத்தனை குரலும் அவரோடு போய்விடும். உறுப்பினர் நம்பிப் பேசிய பேச்சு ஒருவரின் சட்டைப் பையில் இருப்பது சரியில்லை என்று அவரே சொன்னார். கிளைப் பணத்தில் ஒரு பழைய கைப்பேசியும் தனி எண்ணும் வாங்கினோம். செயற்குழுவில் இருவர் முன்னிலையில்தான் அதைத் திறப்பது, மாதம் ஒரு முறை பழைய பேச்சுகளை அழிப்பது, கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டிப் பொருளாளரிடம் கொடுப்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

புதிய எண்ணை எல்லோரும் மறுபடி பதிய வேண்டும். அக்கா முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, புது 555 நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். நாளைச் சாயங்காலம் ஆறரைக்கு, லயத்தின் முதல் வீட்டிலிருந்து.